காலையில் ஊதாவாகும் சாம்பல்

“அம்மா, சாம்பல் கலருக்கு அம்மா யாரு?”

இதைக் கேட்டபோது மகளுக்கு ஐந்து வயது. அன்று பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பெயிண்ட் கடையின் பின்னறையில், கவிழ்த்துப்போட்ட டின் ஒன்றின்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே கேட்டாள். அம்மா கலக்குகிற கையை நிறுத்தாமல், “வெள்ளைதான் அம்மா. கறுப்பு அப்பா” என்றாள்.

“அப்புறம் ஏன் அதுல மஞ்சள் ஊத்தறே?”

“அது பெரியம்மா.”

“இந்தச் சிவப்பு?”

“அது சித்தி. பேசாம உக்காரு.”

குழந்தை சமாதானமாகிவிட்டது. குடும்பம் என்றால் பெரியம்மாவும் சித்தியும் நடுவில் வருவார்கள் என்பது அதற்கே தெரிந்த விஷயம். சமாதானமாகாதவள் அம்மாதான். கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் சேர்த்த சாம்பல், சுவரில் ஏறியதும் நீலம் காட்டும். அதைத் தணிக்கத் துளி மஞ்சள், அந்த மஞ்சள் பச்சைப்பக்கம் இழுக்காமலிருக்கத் துளி சிவப்பு. இது அவள் கைக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் வாய்க்குத் தெரியாது.

அது நடந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. மகள் இப்போது கணினியில் படமும் எழுத்தும் அமைக்கிற வேலையில் இருக்கிறாள். அம்மா அதே பின்னறையில், அதே நாற்காலியில். கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவள் கலரக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த கடைக் காவல்காரருக்கும் அவள் கலரக்காதான். “வயசுக்கு அக்கா இல்லை, வேலைக்கு அக்கா” என்பார் அவர்.

யாராவது ஒரு துண்டுத் துணியோ, பழைய சுவரிலிருந்து பெயர்த்த சீவலோ கொண்டுவந்து, “இதே கலர் வேணும்” என்பார்கள். அவள் கலந்து கொடுப்பாள். அதற்காகவே அந்தப் பின்னறை முழுக்கச் சாம்பல் நிறம்: சுவர், மேசை, நாற்காலி, கதவின் உட்புறம், அவள் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்கிற கோட்டு. பக்கத்தில் ஒரு சிவப்பு நின்றால் போதும், கண் கெட்டுவிடும். சாம்பல்தான் எதற்கும் கட்சி சேராமல் நிற்கும். மேலே ஒரே விளக்கு. தெளிவான காலை நேரத்து வெளிச்சம் மாதிரி இருக்கவேண்டும் என்று முதலாளி எங்கிருந்தோ வரவழைத்தது. அந்த விளக்கில் பார்த்துவிட்டு, டின்னை வாசல் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, பிறகு தெரு வெயிலில் பார்த்துத்தான் மூடி போடுவாள். மூன்று வெளிச்சம் பார்க்காத நிறம் கடையைத் தாண்டக் கூடாது. மூடி திறக்கும்போது மட்டும் கண்ணை மூடி, “கடவுளே, இருக்கிறதை இருக்கிறபடி காட்டு” என்பாள். அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

கணவர் போன பிறகு அந்த நாற்காலிதான் இருவருக்கும் சோறு போட்டது. போன மாதம் முதலாளி ஒரு மிஷின் வாங்கி முன்னறையில் வைத்தார். அதன் மூக்கை எந்த நிறத்தின் மேல் வைத்தாலும், என்னென்ன எவ்வளவு சேர்க்கவேண்டும் என்று சீட்டு வரும். அதற்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை.

“சும்மா ஒரு துணைக்குத்தான் அக்கா” என்றார் முதலாளி. நல்ல மனிதர், பொய் சொன்னால் காது மடலைச் சொறிவார். அன்று சொறிந்தார். ஒரு தடவை தன் கண் தவறினால் உறை கழன்றுவிடும் என்று கலரக்காவுக்குப் புரிந்தது.

அப்போதுதான் ஓவியக்கூடத்து வேலை வந்தது. கடையிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிற கூடம் அது. மழையில் கூரை ஒழுகி, பெரிய சுவரின் நடுவில் ஒரு கதவு அகலத்துக்குப் பூச்சு உரிந்துவிட்டது. பத்து நாளில் அங்கே படங்கள் மாட்டவேண்டும். ஆயுள் முழுக்கச் சாம்பலிலேயே வரைந்த ஒருவரின் படங்களாம். கூடத்தின் காப்பாளர் ஓர் அம்மாள். குட்டை முடி, கறாரான பேச்சு. பழைய சுவரின் சீவல் ஒன்றைத் தபால் உறையில் போட்டு அவரே எடுத்து வந்திருந்தார்.

“இவரோட படமெல்லாம் மெதுவாப் பேசும். சுவர் ஒரு வார்த்தை கூடப் பேசிடக் கூடாது. சுவரே இல்லாத மாதிரி இருக்கணும்” என்றார்.

“எங்க கடையில சாம்பல் கேட்டா, வீட்ல ஏதாவது துக்கமான்னு விசாரிப்போம்” என்று முதலாளி சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

சுவருக்கு அடிக்கவேண்டியவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கடை எடுக்கிற வேலைகளுக்கெல்லாம் அவன்தான் ஆள். ஏணி போட்டால் தலை கூரையில் இடிக்கும் என்று தரையில் நின்றே முக்கால் சுவரை முடிப்பான். சாம்பல் என்றதும் அவன் முகம் சுண்டியது. “வெள்ளையில அழுக்கு தெரியும், கறுப்புல தூசி தெரியும். சாம்பல்ல நம்ம யோக்கியதையே தெரிஞ்சிடும் அக்கா.”

அன்று விடாத மழை. காப்பாளர் அம்மாள் முன்னறை மேசையில் நகத்தால் தட்டிக்கொண்டு காத்திருந்தார். கலரக்கா கலந்து, ஒரு சொட்டைச் சீவலின்மேல் வைத்து, தலைமுடி உலர்த்துகிற மிஷினால் காயவைத்து விளக்கடியில் பார்த்தாள். சொட்டு எங்கே, சீவல் எங்கே என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. வாசலைப் பார்த்தாள். வெளியே வானம் இருண்டு, தெருவே கரைந்து கிடந்தது. இதில் என்ன வெளிச்சம் பார்ப்பது என்று மூடியைப் போட்டுவிட்டாள்.

அன்று மாலையே நெட்டை அடித்து முடித்தான். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் காப்பாளர் அம்மாள் போனில் நன்றி சொன்னார். மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி அவரே பேசினார்.

“உங்க சுவர்ல ஒரு கதவு தெரியுது. ஊதாக் கலர்ல.”

கடையை முடித்துவிட்டுக் கலரக்கா நெட்டையையும் அழைத்துக்கொண்டு போனாள். கூடத்தில் விளக்குகள் எரிந்தன. சுவர் ஒரே சாம்பலாக, குளம் மாதிரி அமைதியாக இருந்தது. கிட்டப் போனாள், தள்ளி வந்தாள், கன்னத்தைச் சுவரில் ஒட்டிச் சாய்வாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

“காலைல இருந்துச்சு” என்றார் காப்பாளர் அம்மாள். அவர் குரலிலும் குழப்பம்.

“சுவர் என்னங்க, ராத்திரி படுத்துக் காலைல எழுந்திரிக்குதா?” என்றான் நெட்டை.

“நான் பொய் சொல்றேன்கறீங்களா?”

“ஐயோ, இல்லைங்க. சுவர்தான் சொல்லுது போல.”

வீட்டுக்கு வந்து கலரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. படித்த பெண்மணி, நிறத்தோடேயே வாழ்கிறவர், ஊதாவைப் பார்த்தேன் என்கிறார். தான் பார்க்கவில்லை. இரண்டில் ஒரு கண் தப்பு. ஒரு கையால் வலது கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தாள். பிறகு இடது கண்ணை. பால் ஊதாவாகத் தெரிகிறதா என்று டம்ளரை விளக்கில் பிடித்தாள். நினைத்துப் பார்த்தால் தெரிகிற மாதிரியும் இருந்தது.

“என்னம்மா, பால்ல பூச்சியா?” என்றாள் மகள்.

விஷயத்தைச் சொன்னதும் மகள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புக் கட்டத்தின் நடுவில் ஒரு சாம்பல் சதுரம். பச்சைக் கட்டத்தின் நடுவில் இன்னொன்று. “ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?”

“வேற. இது பச்சை அடிக்குது, அது ரோஸ் அடிக்குது.”

மகள் சிவப்பையும் பச்சையையும் அழித்தாள். மிஞ்சிய இரண்டும் ஒரே சாம்பல். “பார்த்தியா? சாம்பல்னு தனியா ஒண்ணும் கிடையாதும்மா. பக்கத்துல யாரு இருக்காங்களோ, அதைப் பொறுத்து அது மாறும். என்ன கலர்னு முடிவு பண்ண முடியலைன்னா நாங்க சாம்பல்தான் போடுவோம். அதுல வம்பே இல்லை.”

“அப்ப நான் இத்தனை வருஷமா என்னத்தைத்தான் கலக்கினேன்?”

மகள் கணினியை மூடினாள். பாலைக் குடித்துவிட்டுத் தூங்கச் சொன்னாள்.

மறுநாள் காலை, கடைக்குப் போவதற்கு முன்பே கலரக்கா கூடத்துக்குப் போனாள். உயரத்து ஜன்னல்கள் வழியே வெயில் விழுந்திருந்தது. சுவரின் நடுவில், அடிபட்ட இடம் கன்றிப்போவது போல, ஒரு கதவு அகலத்துக்கு ஊதா நின்றது. யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. காப்பாளர் அம்மாள் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டதுதான் அதிகம் வலித்தது. சற்று நேரத்தில் மேகம் வந்தது, ஊதா பாதி மறைந்தது. மேகம் விலக, மறுபடி வந்தது. சுவர் மூச்சுவிடுகிறதோ என்று கூட அவளுக்குத் தோன்றியது.

கடைக்கு வந்ததும் முதலாளி கேட்டார்: “அக்கா, தப்பு டின்லயா, சுவர்லயா?”

கேட்டது சாதாரணமாகத்தான். ஆனால் கேட்கும்போது அவர் கண் தானாக மிஷின் பக்கம் போய் வந்தது. பயம் வந்தால் நாக்கு நம்மைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

“டின்ல இல்லை. விளக்குல வச்சு நல்லாப் பார்த்தேன். நெட்டை அதுக்கு முந்தின நாள் ஒரு வீட்ல ஊதா அடிச்சான். கலக்கற குச்சியைத் துடைக்காம விட்டிருப்பான்.”

நெட்டையைக் கூப்பிட்டார்கள். வந்து வாசற்படியில் குனிந்து நின்றான். முதலாளி சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து அந்தக் குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இருக்கலாம் முதலாளி.”

“இருக்கலாமா, இருக்கா?”

அவன் கலரக்காவை ஒரு தடவை பார்த்தான். அதில் கோபம் இல்லை. வழி கேட்கிற மாதிரி இருந்தது. “இருக்கும்” என்றான்.

பெரிய சுவரை மூலையிலிருந்து மூலை வரை மறுபடி அடித்துத் தரவேண்டும், அது முடிகிற வரைக்கும் வேறு வேலை கிடையாது என்றார் முதலாளி. அவனுக்குப் பேசி வைத்திருந்த பள்ளிக்கூட வேலை அப்போதே வேறொருவனுக்குப் போனது. நெட்டை தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் நல்ல வெயில். கலரக்கா சுவர் முழுவதற்குமான டின்னைக் கலக்க உட்கார்ந்தாள். முன்பு போட்ட அதே அளவு. விளக்கடியில் சீவல் காணாமல் போனது. சரிதான், டின்னில் தப்பில்லை என்று மனம் கொஞ்சம் இறங்கியது. பழக்க தோஷத்தில் டின்னைத் தூக்கிக்கொண்டு வாசல் நிழலுக்கு வந்தாள்.

சொட்டு ஊதாவாக இருந்தது.

உள்ளே ஓடினாள். சாம்பல். வாசலுக்கு வந்தாள். ஊதா. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஏழாவது தடவை முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அக்கா, டின்னுக்கு வேடிக்கை காட்டறீங்களா?”

அவள் டின்னைப் பின்னறை மேசையில் வைத்தாள். இந்த டின்னை நெட்டை தொடவில்லை. அவன் குச்சி இதில் இறங்கவில்லை. அப்படியென்றால் கண்தான். ஆனால் கண் கெட்டிருந்தால் எல்லா இடத்திலும் அல்லவா கெட்டுத் தெரியவேண்டும்? அறைக்குள் ஒரு மாதிரி, வாசலில் ஒரு மாதிரி எந்தக் கண் கெடும்? நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள். கண்ணில் நேராக விளக்கு பட்டது. வெள்ளையாக, அடக்கமாக, எப்போதும் போல எரிந்தது. எப்போதும் போலத்தானா? அணைத்துவிட்டு, நாற்காலிமேல் ஏறிக் கழற்றிப் பார்த்தாள். வீட்டுச் சமையலறையில் மாட்டுகிற சாதாரண பல்பு.

அலமாரியில் முதலாளி வரவழைத்த பல்பு இன்னும் ஒன்று அட்டைப்பெட்டியோடு இருந்தது. அதை மாட்டினாள். உடனே அந்த அறையிலேயே சொட்டு ஊதா காட்டியது. சீவல் சாம்பலாகவே இருந்தது. ஒரு வெளிச்சத்தில் இரட்டைப்பிள்ளைகள் போல நின்ற இரண்டும், இன்னொரு வெளிச்சத்தில் முன்பின் தெரியாதவர்கள்போல் நின்றன. ஓவியக்கூடத்து விளக்குகளும் அந்தச் சமையலறை ஜாதிதான் போலிருக்கிறது. அதனால்தான் மாலையில் சுவர் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் காவல்காரர் வந்ததும் கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது.

“நான்தான் அக்கா மாத்தினேன். நாலஞ்சு நாளாவே அது கண் சிமிட்டிச்சு. நீங்களும் கண்ணைக் கசக்கிட்டே இருந்தீங்க. வீட்ல புதுசு ஒண்ணு சும்மா கிடந்தது, கொண்டுவந்து மாட்டிட்டேன். சொன்னா நன்றி அது இதும்பீங்கன்னு சொல்லலை. இப்ப கண்ணுக்கு நல்லா இருக்கா?”

கலரக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இவ்வளவு சுத்தமான நல்லெண்ணத்திலிருந்து இப்படி ஒரு கறை எப்படி வந்தது? யாரைக் கோபிப்பது? கடவுள் இந்த மாதிரி இடங்களில் என்ன நினைக்கிறார் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

“உங்க மனசு நல்லா இருக்கு அண்ணே” என்றாள். “இந்த ரூமுக்கு மட்டும் வேற மாதிரி பல்பு வேணும். உங்களுதை முன்னறையில மாட்டிக்கறேன். எல்லாருக்கும் வெளிச்சம் கிடைக்கட்டும்.”

“அதுவும் நல்லதுதான்” என்று அவர் சந்தோஷமாகத் தன் ஸ்டூலுக்குப் போனார்.

மறுநாள் காலை முதலாளி வந்ததும் வராததுமாக அவர் முன்னால் போய் நின்றாள். “நெட்டை குச்சியில ஒண்ணும் இல்லை. பின்னறையில விளக்கு மாறியிருந்தது. மாறினதை நான் கவனிக்கலை. மழைன்னு வாசலுக்கும் போகலை. தப்பு என்னுது.”

“விளக்கை யாரு மாத்தினது?”

“யாரு மாத்தினா என்ன? பார்க்கவேண்டியவ நான்.”

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அப்ப நெட்டை ஏன் ஒத்துக்கிட்டான்?” என்றார். அதுதான் அவளுக்கும் புரியாதது. நெட்டைக்குச் சுவருக்கான கூலியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு காதைச் சொறியாமல், நேராக அவளைப் பார்த்துச் சொன்னார்: “அக்கா, நாளைலேருந்து மிஷினையும் போட்டுப் பார்ப்போம். நீங்களும் இருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க.”

அவள் சரி என்றாள். பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது. ஆச்சரியம், அது அவ்வளவாகக் கனக்கவில்லை. கனத்தது வேறு.

அன்று மாலை நெட்டையின் வீட்டுக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. வாசலில் அவன் தலையில் இடிக்காமலிருக்க நிலைப்படியில் பழந்துணி சுற்றியிருந்தது. அவன் மனைவி நிறைமாதம். வீங்கிய காலை ஒரு பெயிண்ட் டின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க அக்கா. நீங்களாவது இவரைக் கேளுங்க. ரெண்டு நாளா ஒரு குச்சியை வச்சுக்கிட்டுத் தேய்க்கறார், கழுவறார், மோந்து பார்க்கறார். குழந்தை பிறந்தா கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டார்.”

நெட்டை அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். கலரக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் ஒரு பெருமூச்சு விட்டான். “அப்பாடா. என் குச்சி பிழைச்சுது.”

“நீ ஏன்டா ஒத்துக்கிட்டே? துடைச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“துடைச்சதா ஞாபகம் இருந்தது அக்கா. ஆனா நீங்க இல்லைன்னீங்க. இத்தனை வருஷத்துல உங்க கண்ணு ஒரு நாள் தப்பினதில்லை. என் ஞாபகம் ஒரு நாள் தப்பாம இருந்ததில்லை. நான் எதை நம்பறது?”

“என் பேரையே ரெண்டு தரம் மாத்திக் கூப்பிட்டிருக்கார்” என்றாள் மனைவி. “குச்சி எம்மாத்திரம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கலரக்காவும் சிரித்தாள். ஆனால் அவன் சொன்னது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் அவளைக் காப்பாற்றுவதற்காகப் பழியை ஏற்றுக்கொண்டான் என்றுதான் நினைத்து வந்தாள். அப்படி இருந்தால் நன்றி சொல்லி முடித்திருக்கலாம். அவன் செய்தது அதைவிடப் பெரிது: தன்னை நம்பாமல் அவளை நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கையைத்தான் அவள் பயத்துக்கு விலையாகக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லியாயிற்று, சரி. அவன் நல்ல பெயரை அவனிடம் திருப்பிக் கொடுத்ததோடு சரி. எடுத்ததை வைத்துவிட்டால் கடன் தீர்ந்ததாக யார் சொல்வார்கள்?

“நாளைக்குக் கூடம் லீவு. காலைல வந்து அடிச்சுடறேன். மறுநாள் படம் மாட்டணுமாமே” என்றான் நெட்டை. கூடத்துச் சாவி அவளிடம்தான் இருந்தது. காலை வெளிச்சத்தில் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக வாங்கி வைத்திருந்தாள்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போன் வந்தது.

“அக்கா, அவளுக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கேன். மத்தியானத்துக்குள்ள எப்படியாவது ஓடி வந்து அடிச்சுடறேன். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. இதுவும் தப்பிப்போச்சுன்னா நல்லா இருக்காது.”

“நீ அங்கயே இரு. சாவி எங்கிட்டதானே இருக்கு” என்றாள்.

கடையைத் தானே திறந்து, புதிதாகக் கலந்து மூடி வைத்திருந்த டின்னையும், ஒரு ரோலரையும், இரண்டு பிரஷ்ஷையும், நான்கு படி ஏணியையும் கைவண்டியில் ஏற்றினாள். அந்தச் சாம்பலை மூன்று வெளிச்சத்திலும் பார்த்துத்தான் மூடியிருந்தாள். இருந்தும் கூடத்துக்குப் போனதும் ஜன்னலடியில் இன்னொரு தடவை பார்த்தாள். கதவை உள்பக்கம் தாழிட்டாள்.

அவள் கை கலக்கிப் பழகிய கை. அடித்துப் பழகிய கை இல்லை. முதல் இழுப்பிலேயே ரோலர் வழுக்கிக்கொண்டு போனது. பெயிண்ட் முழங்கை வழியே ரவிக்கைக்குள் இறங்கியது. நெட்டை தரையில் நின்று எட்டுகிற உயரத்துக்கே அவள் ஏணியில் ஏறவேண்டியிருந்தது; அதற்கும் மேலே, கடைசிப் படியில் நின்று ரோலரை நீட்டவேண்டியிருந்தது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏற வேண்டியிருந்தது. தோள்பட்டை பாதியிலேயே முறையிட ஆரம்பித்தது. சுவர் இவ்வளவு பெரியது என்று வெளியே நின்று பார்த்தபோது தெரியவில்லை.

ஈரமாக இருக்கும்போது சாம்பல் ஒரு மாதிரியும் காய்ந்தால் ஒரு மாதிரியும் தெரியும். அது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும், நடுச்சுவரில் ஈரம் வெயில் பட்டு மின்னியபோது அது பச்சையா, நீலமா, மறுபடி ஊதாவேதானா என்று உள்ளம் தடுமாறியது. தன் கண்ணைக் கேட்டாள். அது ஒன்று சொன்னது. நான்கு நாளில் பட்ட குழப்பம் வேறொன்று சொன்னது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு அடித்துக்கொண்டே போனாள். முதல் பூச்சு காய்கிற நேரத்தில் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த ரொட்டியைத் தின்றாள். பிறகு இரண்டாவது பூச்சு. மூலையில், பக்கத்துச் சுவரைத் தொடுகிற இடத்தில் மட்டும் சின்ன பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பதினொன்றரைக்கு வெயில் சுவரின் குறுக்கே சாய்ந்தது. தள்ளிப் போய் எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். கதவு இல்லை. திட்டு இல்லை. மூலையில் புதுச்சுவர் எங்கே முடிகிறது, பழைய சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். அகப்படவில்லை. அகப்படாததாலேயே இன்னும் கொஞ்ச நேரம் தேடினாள். ஒரு மேகம் வந்து போனது. சுவர் அசையவில்லை.

தரையில் சொட்டியதை ஈரத்துணியால் துடைத்தாள். பிரஷ்ஷையும் ரோலரையும் பின்பக்கக் குழாயடியில் கழுவினாள். முதலாளி விசாரித்தால் அடித்தது நெட்டைதான், கூலியும் அவனுக்குத்தான். கூடத்தைப் பூட்டி, கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாமான்களை நெட்டை வழக்கமாக வைக்கிற மூலையில், அவன் வைக்கிற மாதிரியே வைத்தாள். முடியில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“பொண்ணு அக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இதோ கிளம்பிட்டேன், அரை மணியில சுவர்கிட்ட இருப்பேன்.”

“வரவேணாம். சுவர் காய்ஞ்சுட்டு இருக்கு.”

மறுமுனையில் பின்னால் எங்கோ ஒரு பிஞ்சுக்குரல் அழுதது.

“யாரு அடிச்சது அக்கா?”

“குழந்தை அழுவுது பாரு. போய்த் தூக்கு” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.